இலை கரும்பச்சை, காய் ஏன் சிறுத்தது?

கேள்வி: ஐயா, திருகோணமலைச் சாம்பல்தீவில் அப்பா விட்டுப்போன வளவில் ஒன்பது கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. கிளை விரிவு ஒவ்வொன்றும் 5 மீற்றர் வரும். ஒரு வருசம் காய்த்தால் மறுவருசம் ஓய்ந்துவிடும். கடைக்காரர் பக்லோபியூட்ரசோல் 25 சதவீதம் என்று போட்ட போத்தல் ஒன்றைத் தந்து, மரத்துக்கு 50 மில்லிலீற்றர் தண்ணீரில் கலந்து அடியில் ஊற்றச் சொன்னார். இரண்டு புரட்டாதியும் ஊற்றினேன். முதல் வருசம் மரம் கொட்டிக் காய்த்தது. இந்த வருசமும் பூத்தது, ஆனால் காய் எல்லாம் சிறுத்துப் போய்விட்டது. இலை மட்டும் கட்டையாக, நெருக்கமாக, கரும்பச்சையாக இருக்கிறது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மகள், “அது வளர்ச்சி ஒடுக்கி அம்மா, பச்சையவுருமணியைத் தாக்கி ஒளித்தொகுப்பை நிறுத்திவிடும்” என்கிறாள். கடைக்காரரோ, “இலை கறுத்தால் மரம் சாப்பாடு கூடத் தயாரிக்கிறது என்று அர்த்தம்” என்கிறார். யார் சொல்வது சரி? வருகிற புரட்டாதியும் ஊற்றலாமா? தம்பியின் தம்பலகாமத்து வயலுக்கும் இந்த மாதிரி மருந்து அடித்தால் நெல் சாயாது என்கிறாரே, உண்மையா? வெட்டுகிற குழையை ஆட்டுக்குப் போடலாமா?
— சாம்பல்தீவு வாசகி

பதில்: அம்மா, புரட்டாதிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஊற்ற வேண்டாம். அடுத்த வருசமும் மரத்தைப் பார்த்த பிறகுதான் யோசிக்க வேண்டும்.

மகள் மருந்தின் இனத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அது தாக்கும் இடத்தைத்தான் பிழையாகச் சொல்கிறாள். கடைக்காரர் இலையின் நிறத்தைச் சரியாகப் பார்த்திருக்கிறார், அதற்கு அவர் எடுத்த அர்த்தம் பிழை. இந்த இரண்டு பிழையும் ஊரில் நிறையப் பேரிடம் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பக்லோபியூட்ரசோல் நிறுத்துவது கிபரலின் என்ற ஓமோனின் தயாரிப்பை. தண்டுக் கலங்கள் நீள்வதற்கும் கணுவுக்குக் கணு இடைவெளி வருவதற்கும் அந்த ஓமோன் வேண்டும். அதன் தயாரிப்பு தொடங்குவது, கலத்துக்குள் ஒளித்தொகுப்பு நடக்கும் சிறு பையான பச்சையவுருமணியின் இனத்தைச் சேர்ந்த உருமணிகளுக்குள்தான், அதுவும் முதிர்ந்த இலையில் அல்ல, வளரும் குருத்தில். அங்கே 20 காபன் அணு கொண்ட ஜெரனைல்ஜெரனைல் இருபொசுபேற்று என்ற பொருளில் இருந்து கோரீன் உருவாகிறது. கோரீனை ஒட்சியேற்றி அடுத்த படிக்கு அனுப்பும் நொதியம் உருமணியின் வெளி மென்சவ்வில் இருக்கிறது. அந்த நொதியத்தின் நடுவில் ஓர் இரும்பு அணு. பக்லோபியூட்ரசோலின் ட்ரையசோல் வளையத்தில் உள்ள நைதரசன் அந்த இரும்பைப் பற்றிக்கொள்ள, நொதியம் செயலிழந்துவிடுகிறது. குளோர்மெக்குவாட் என்ற இன்னொரு ஒடுக்கி இதற்கும் முந்திய படியில், கோரீன் உருவாகுமிடத்திலேயே தடுக்கிறது. புரோகெக்சடையோன் கல்சியம் கடைசிப் படிகளில் தடுக்கிறது. எந்தப் படியில் தடுத்தாலும் விளைவு ஒன்றுதான்: கலங்கள் பிரிகின்றன, ஆனால் நீள்வதில்லை.

மகள் மனத்தில் வைத்திருப்பது அனேகமாகக் களைகொல்லிகளாக இருக்கும். பச்சையவுருமணியில் ஒளியைப் பிடிக்கும் அமைப்புகளை ஒளித்தொகுதி ஒன்று, இரண்டு என்பார்கள். டையுரோன் ஒளித்தொகுதி இரண்டில் இலத்திரன் கைமாறும் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்ட பரகுவாட், ஒளித்தொகுதி ஒன்றில் இருந்து இலத்திரனைப் பறித்து ஒட்சிசனுக்குக் கொடுத்து, இலையை வெயிலிலேயே கருக்கிவிடும். பரகுவாட் பட்ட இலை ஓரிரு நாளில் கருகுவதை உங்கள் வயதுக்காரர் எல்லாரும் வரப்பில் கண்டிருப்பீர்கள். அவைதான் ஒளித்தொகுப்பை நேரடியாக நிறுத்தும் மருந்துகள். பக்லோபியூட்ரசோல் அந்த வேலையைச் செய்வதில்லை. செய்திருந்தால் உங்கள் மரம் இரண்டு தரமும் பூத்திருக்காது.

இனி கரும்பச்சை. இதற்கு வழக்கமாக ஒரு விளக்கம் சொல்வார்கள். பச்சையத்தின் நீண்ட வால்பகுதியும் அதே 20 காபன் பொருளில் இருந்துதான் வருகிறது, கிபரலினுக்குப் போகாமல் மிஞ்சும் சரக்கு பச்சையத்துக்குத் திரும்புவதால் இலை கறுக்கிறது என்பார்கள். கேட்க அழகாக இருக்கிறது. கணக்குத்தான் உதைக்கிறது. ஒரு கிராம் பச்சை இலையில் ஒன்றிரண்டு மில்லிகிராம் பச்சையம் இருக்கும். கிபரலினோ நனோகிராம் அளவு, அதாவது அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு போல. அவ்வளவு சிறிய வாய்க்காலை அடைத்துக் கிடைக்கும் தண்ணீரால் குளம் நிரம்பாது. எனக்குப் பொருந்துவதாகப் படும் காரணம் இன்னும் எளிமையானது. கலம் சிறுத்தால், இருக்கும் பச்சையவுருமணிகள் சிறிய இடத்துக்குள் நெருங்கிவிடுகின்றன. இலையும் தடிக்கிறது. ஒரு சதுர சென்ரிமீற்றரில் பச்சையம் கூடுகிறது, முழு இலையில் இருக்கும் மொத்தம் கூட வேண்டியதில்லை. இதோடு, பக்லோபியூட்ரசோல் போன்ற ட்ரையசோல் மருந்துகள் பட்ட செடிகளில் இலை மஞ்சளாகி முதிர்வது பிந்துவதும் தெரிந்த விசயம். பழைய இலையும் பச்சையாகவே தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எப்படி வந்தாலும் கூடுதல் பச்சையம் கூடுதல் உணவு தயாரிக்காதா? இங்கேதான் கடைக்காரர் வழுக்குகிறார். சாதாரணப் பச்சை இலை ஒன்று தன்மேல் விழும், ஒளித்தொகுப்புக்கு உதவும் ஒளியில் 85 சதவீதம் அளவை ஏற்கனவே உறிஞ்சிவிடுகிறது. பச்சையத்தை இரட்டிப்பாக்கினாலும் மிஞ்சியிருக்கும் 15இல்தான் ஏதாவது பிடிக்கலாம். அதைவிட முக்கியம், சாம்பல்தீவில் நடுப்பகலில் ஒளிக்குப் பஞ்சமே இல்லை. மா இலை முழு வெயில் முழுவதையும் பயன்படுத்துவதில்லை, அதற்கு நன்றாக முன்னமே நிரம்பிவிடும். அதற்குமேல் வேகத்தைத் தீர்மானிப்பது பச்சையம் அல்ல. இலைவாய் வழியாக உள்ளே வரும் காபனீரொட்சைட்டும், பச்சையவுருமணியின் உள்திரவமான பஞ்சணையில் அதைப் பிடித்து வெல்லமாக்கத் தொடங்கும் ரூபிஸ்கோ நொதியமும்தான்.

அந்த இலைவாய் விசயத்திலும் இந்த மருந்துக்கு ஒரு பங்கு உண்டு. அப்சிசிக் அமிலம் என்ற ஓமோன் கூடினால் இலைவாய் ஒடுங்கும். அந்த அமிலத்தைச் சிதைக்கும் நொதியமும் இரும்புள்ள அதே குடும்பம் என்பதால், ட்ரையசோல்களில் சில அதையும் தடுக்கின்றன. இலைவாய் ஒடுங்கினால் நீர் மிச்சம். ஆனி, ஆடியில் கச்சான் காற்று உலர்த்தி எடுக்கும்போது மருந்து பட்ட மரம் வாடாமல் நிற்பதைப் பார்த்து, “மருந்து மரத்துக்கு நல்லது” என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீர் வெளியே போகும் வாசல்தான் காபனீரொட்சைட்டு உள்ளே வரும் வாசலும். ஒன்றைச் சாத்திக்கொண்டு மற்றதைத் திறந்துவைக்க மரத்தால் முடியாது.

ஆகவே ஒரு சதுர சென்ரிமீற்றர் இலையின் ஒளித்தொகுப்பு வளர்ச்சி ஒடுக்கியால் கூடுமா குறையுமா என்று கேட்டால், ஆய்வுகளில் மூன்று விதமும் வந்திருக்கிறது: கொஞ்சம் கூடியது, மாறாதது, குறைந்தது. பயிர், அளவு, எத்தனை நாள் கழித்து அளந்தார்கள் என்பதைப் பொறுத்தது. இந்த வாக்குவாதம் உங்கள் வளவுக்கு அவ்வளவு முக்கியமில்லை. உங்களுக்கு வேண்டியது முழு மரத்தின் கணக்கு. ஓர் உதாரணத்துக்கு, சதுர சென்ரிமீற்றருக்குப் பத்து சதவீதம் கூடியதாகவே வைத்துக்கொள்வோம். இலை சிறுத்து, புதுத்துளிர் குறைந்து, மரத்தின் மொத்த இலைப்பரப்பு நாற்பது சதவீதம் குறைந்திருந்தால், 1.1ஐ 0.6ஆல் பெருக்கிப் பாருங்கள். 0.66. ஒவ்வொரு இலையும் முன்னைவிட நன்றாக உழைத்தும், மரத்தின் மொத்த வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. இலையின் நிறத்தில் இது தெரியாது. தூர நின்று மரத்தின் நிழலைப் பார்த்தால் தெரியும், நிலத்தில் வெயில் பொட்டுப் பொட்டாக விழும்.

பிறகு எதற்கு இந்த மருந்தை மாவுக்கு உலகம் முழுவதும் ஊற்றுகிறார்கள்? வெல்லம் போகும் திசையை மாற்றத்தான். மாமரத்தில் கிபரலின் பூப்பதைத் தடுத்துத் துளிர்ப்பதைத் தூண்டுகிறது. குளிர்காலம் உள்ள இடங்களில் குளிரே மரத்தின் வளர்ச்சியை நிறுத்திப் பூக்கவைக்கும். நம் கரையோரத்தில் மார்கழி வாடை கொஞ்சம் சில்லிடுவதோடு சரி. அந்தக் குறையை மருந்து ஈடுசெய்கிறது. குருத்து நீள்வது நின்றால், இலை செய்த வெல்லத்தைக் கேட்டு வாங்க ஆளில்லை. அது மாப்பொருளாகக் கிளையிலும் தண்டிலும் தங்குகிறது. மருந்து ஊற்றிய மாவில் இந்த இருப்புக் கூடுவதை ஆய்வுகளில் அளந்தும் இருக்கிறார்கள். முதல் வருசம் உங்கள் மரம் கொட்டிக் காய்த்தது இந்தச் சேமிப்பை எடுத்துத்தான்.

இரண்டாம் வருசம் என்ன நடந்தது? நிறையக் காய்த்த மரத்தின் இருப்பு ஏற்கனவே காலி. வழக்கமாக அந்த மரம் ஓய்ந்திருக்கும், துளிர் விட்டிருக்கும், புது இலையால் மறுபடி சேர்த்திருக்கும். நீங்கள் அந்த ஓய்வைக் கொடுக்காமல் மறுபடி பூக்கவைத்தீர்கள். ஒரு மாங்காய் பருக்கப் பல பத்து இலைகளின் உழைப்பு வேண்டும். இலை இல்லாமல் பூ மட்டும் வந்தால் காய் சிறுக்காமல் என்ன செய்யும்?

இதில் அளவும் சேர்ந்துகொண்டது. 25 சதவீதக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்குக் கால் கிராம் மருந்து. மாவுக்குப் பொதுவாகச் சொல்லப்படுவது கிளை விரிவின் ஒவ்வொரு மீற்றருக்கும் ஒரு கிராம், கூடினால் ஒன்றரை. உங்கள் 5 மீற்றர் மரத்துக்கு ஐந்து கிராம் என்றால் 20 மில்லிலீற்றர். நீங்கள் ஊற்றிய 50 மில்லிலீற்றரில் பன்னிரண்டரை கிராம் இருக்கிறது. இரண்டு வருசமும் சேர்த்து மரத்துக்கு 25 கிராம். இந்த மருந்து மண்ணில் சீக்கிரம் அழிவதில்லை. பாதியாகக் குறையவே பல மாதம் ஆகும், சில மண்ணில் ஒரு வருசத்துக்கும் மேல். ஆகவே இரண்டாம் முறை ஊற்றும்போது முதல் முறை ஊற்றியதில் ஒரு பகுதி வேரடியில் இருந்திருக்கும். போத்தலை விற்பவர்கள் இந்தக் கழித்தல் கணக்கைச் சொல்வதில்லை, சொன்னால் அடுத்த வருசம் போத்தல் போகாது.

இப்போது செய்யவேண்டியது பெரிய வித்தையல்ல. மழைக்கு முன்னர் உள்கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். குறுகி, கொத்துக் கொத்தாக நிற்கும் நுனிகளைப் பின்னால் நல்ல கணு வரை வெட்டுங்கள். அங்கிருந்து வரும் துளிர்தான் உங்களுக்கு வேண்டிய அடையாளம். நன்றாக மக்கிய எருவும், மழை தொடங்கும்போது நைதரசன் பசளையும் கொடுங்கள். இம்முறை மரம் பூக்கிறதோ இல்லையோ கவலைப்படாதீர்கள், துளிர்த்தால் போதும். பூத்தால் பூங்கொத்தில் பாதியைக் கிள்ளிவிடுவதும் நல்லதே, மனம் வந்தால். கிபரலின்களில் ஒன்றான கிபரலிக் அமிலம் தெளித்தால் இந்த ஒடுக்கத்தை ஓரளவு முறிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் வளவு மரத்துக்கு ஒரு போத்தலை இன்னொரு போத்தலால் துரத்த நான் சொல்லமாட்டேன். புதுத்துளிரின் கணு இடைவெளி பழையபடி நீண்டு, இலை வழக்கமான அகலத்துக்கு வந்த பிறகு, மறுபடி மருந்து வேண்டுமா என்று உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை வளவுக்கு அழைத்துக் காட்டிக் கேளுங்கள். அதுவரை சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கம் இருக்கிறது. போத்தலில் பீடைகொல்லிப் பதிவாளரின் பதிவிலக்கம் இருக்கிறதா, மாவுக்கென்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இல்லையென்றால் அதை இனித் தொடவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். சாம்பல்தீவுக் கரையோரம் மணல் நிலம். இந்த மருந்தைப் பிடித்துவைப்பது மண்ணிலுள்ள சேதனப் பொருள், மணலில் அது குறைவு. கார்த்திகை, மார்கழியில் கொட்டும் மழையில் மருந்து கீழே இறங்கக்கூடும், உங்கள் பக்கம் கிணறுகள் ஆழமில்லை. கிணற்றுக்கு அருகே நிற்கும் மரத்துக்கு இதை ஒருபோதும் ஊற்றாதீர்கள். மருந்து ஊற்றிய மரத்தடியில் மிளகாய்க் கன்றோ வெங்காயமோ வைத்தால் அவையும் குட்டையாகும். அதைப் பார்த்துவிட்டு நோய் என்று இன்னொரு மருந்து வாங்கப் போவீர்கள்.

மகளுக்கு ஒரு வேலை. பச்சையவுருமணியைக் கலத்தில் இருந்து பிரித்தெடுத்தும் அது ஒளியில் ஒட்சிசன் விடும் என்று 1937இல் ராபின் ஹில் காட்டியதைப் படித்திருப்பாள். ஒரு பொருள் ஒளித்தொகுப்பை நேரடியாகத் தாக்குகிறதா என்று அறிய அந்த வழி நல்லது. ஆனால் உங்கள் மரத்தின் கேள்வி வேறு. அதற்குப் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் அயடீன் இருந்தால் போதும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன், மருந்து ஊற்றிய மரத்தில் இருந்தும் பக்கத்து வளவில் ஊற்றாத கறுத்தக்கொழும்பானில் இருந்தும் ஒரே வயதுள்ள இலைகளைப் பறிக்கச் சொல்லுங்கள். நீரில் அவித்து, பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்த மதுசாரத்தில் பச்சையத்தைக் கழுவ வேண்டும். அடுப்புச் சுவாலையை மதுசாரத்துக்குக் கிட்டக் கொண்டுபோகக் கூடாது, ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும். மா இலை தடிப்பு, நேரம் எடுக்கும். கழுவிய இலையில் அயடீன் விட்டால், மாப்பொருள் உள்ள இடம் நீலக்கறுப்பாகும். பகலில் சேர்ந்த மாப்பொருள் இரவில் வெல்லமாகி இலையை விட்டுப் போவதுதான் வழக்கம். விடியும்போதும் மருந்து பட்ட இலை மற்றதைவிட நீலக்கறுப்பாக நின்றால், தயாரிப்பு நிற்கவில்லை, போக்கிடம்தான் குறைந்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. போக்கிடம் இல்லாமல் வெல்லம் தேங்கினால் நாளடைவில் இலை தானே ஒளித்தொகுப்பைக் குறைத்துக்கொள்ளும். அந்தச் சுற்றுவழியில் பார்த்தால் மகள் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பரீட்சையில் மட்டும், “வளர்ச்சி ஒடுக்கி ஒளித்தொகுப்பை நிறுத்தும்” என்று ஒரே வரியில் எழுதிவிட வேண்டாம்.

தம்பியின் வயலுக்கு இது தேவையில்லை. கிபரலினை உலகம் அறிந்ததே நெல்லால்தான். நாற்று மெலிந்து நெட்டையாகி வீணாகும் ஒரு நோயை ஆராய்ந்த யப்பானிய ஆய்வாளர் குரோசாவா, நோயைக் கொடுக்கும் பங்கசு சுரக்கும் ஏதோ ஒரு பொருளே நாற்றை நீட்டுகிறது என்று 1926இல் காட்டினார். பிறகு 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குட்டை நெல்லினங்களில், கிபரலின் தயாரிப்பின் பிந்திய படி ஒன்றைச் செய்யும் மரபணு பிறப்பிலேயே பழுது. மருந்து செய்யும் வேலையை விதை செய்துவிட்டது. இன்று நம் வயல்களில் விதைக்கும் திருத்திய இனங்கள் பெரும்பாலும் குட்டை இனங்களே. அதன் பிறகும் தம்பியின் நெல் சாய்கிறது என்றால் யூரியாவின் அளவையும், விதை நெருக்கத்தையும், கதிர் முற்றும்போது வயலில் நிற்கும் தண்ணீரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஐரோப்பாவில் கோதுமைக்குக் குளோர்மெக்குவாட் அடிக்கிறார்கள் என்பதை யாராவது ஆதாரமாகக் காட்டினால், அது வேறு பயிர், வேறு பசளை அளவு.

கடைசியாக ஆடு. வேரில் ஊற்றிய மருந்து, நீரை மேலே ஏற்றும் குழாயான காழ் வழியாக நீரோடு மேலேறி இலைக்கும் நுனிக்கும் போய்ச் சேர்கிறது, இலையின் வெல்லத்தைக் கொண்டுபோகும் உரியம் வழியாகப் பெரிதாக இறங்குவதில்லை. அதனால் பழத்துக்குப் போவது குறைவு, குழையில் தங்குவது அதிகம். இப்போது வெட்டும் குழையை ஆட்டுக்குப் போடாதீர்கள், மிளகாய்ப் பாத்திக்கு மூடாக்காகவும் போடாதீர்கள். வளவின் ஒரு மூலையில், கிணற்றுக்குத் தள்ளிக் குவித்து விடுங்கள். ஆட்டுக்கு இந்த வருசம் வேலிக் கிளிசிரியாவும் பூவரசும் போதும்.